ஆபரேஷன் முடிந்து 23 நாள், அம்மாவின் இடது கால் இன்னும் மரக்கட்டை

செம்பூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. மும்பை செம்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். இருபது வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கால் மதமதப்பு என்று ஆரம்பித்தது. சர்க்கரை இருப்பதால் அதன் வேலைதான் என்றார்கள். பிறகு முட்டித் தேய்மானம் என்று தைலம், பெல்ட், ஊசி. ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு படியில் இடது கால் மடங்க ஆரம்பித்தது. கடைசி இரண்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. அப்போதுதான் ஒரு டாக்டர் முட்டியை விட்டுவிட்டு முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நெஞ்சு மட்டத்தில், டி5 எலும்பு இருக்கும் இடத்தில், மெனிஞ்சியோமா, அதாவது தண்டுவடத்தின் உறையில் வளரும் கட்டி. தண்டுவடத்தை இடப்பக்கத்திலிருந்து தள்ளி ஒரு ஓரத்தில் ஒடுக்கி வைத்திருந்தது.

ஆபரேஷன் நடந்து இன்றோடு 23 நாள். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று. பயாப்ஸியில் கிரேடு 1, புற்று இல்லை. எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் அம்மா நடக்கவில்லை. வலது காலைத் தூக்குகிறார். இடது கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது, ராத்திரியில் தானாக உதைக்கிறது. நெஞ்சைச் சுற்றி யாரோ துண்டை இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது என்கிறார். மூத்திர டியூபை எடுத்தார்கள், போகவில்லை, திரும்பப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு 34 வயது. அவனுக்கும் முதுகுத்தண்டுக் கட்டி, அதே டாக்டர், ஒரு நாள்தான் முன்னே பின்னே. நாலாம் நாள் வராந்தாவில் நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தான். அதைப் பார்த்ததிலிருந்து உறவுக்காரர்கள் "டாக்டர் நரம்பை வெட்டிட்டார்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரிடம் கேட்டால் "டைம் லகேகா", நேரம் பிடிக்கும் என்கிறார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இதில் எது எதைப் பொறுத்தது? வயதா, சர்க்கரையா, நாங்கள் தாமதித்ததா? நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, இல்லை காத்திருப்பது மட்டும்தானா?


கத்தரிக்கோல் எழுதியது:

தங்கச்சி, நான் தாராவியில் கட்டிங் மாஸ்டர். 2016-ல் கழுத்துத் தண்டுவடத்துக்குள் இருந்த கட்டியை எடுத்தார்கள், எபென்டிமோமா என்று பெயர். டாக்டர் இல்லை, அதனால் என் உடம்பு கற்றுக்கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த டீ குடித்த பையனை மறந்துவிடுங்கள். எங்கள் வார்டிலும் ஒரு டீ குடித்த பையன் இருந்தான். எனக்கு அவன் மேல் ஏற்பட்ட பொறாமைக்கு அளவே இல்லை. பிறகு ஒரு ஜூனியர் டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். தண்டுவடம் இடுப்பின் அடி வரைக்கும் வருவதே இல்லையாம். இடுப்பு முதுகெலும்பில் மேலிருந்து முதலாவது, இரண்டாவது இருக்கும் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குதிரை வால் மாதிரி தனித்தனி நரம்புகள். எங்கள் வார்டுப் பையனுக்குக் கட்டி இடுப்பில், ஒரே ஒரு நரம்பின் மேல். நகர்ந்துகொள்ள அங்கே இடம் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு நெஞ்சு மட்டத்தில். அங்கே எலும்புக் குழாயே ஒடுக்கம், ரத்த ஓட்டமும் மற்ற இடங்களைவிடக் குறைவு. அதில் ஒன்றரை வருடம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. உங்களுடைய பக்கத்துக் கட்டில் பையனுக்கு எங்கே கட்டி என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக இடுப்பாகத்தான் இருக்கும்.

என் கதை வேறு. அம்மாவுக்குக் கட்டி தண்டுவடத்துக்கு வெளியே, உறையிலிருந்து வளர்ந்து உள்ளே தள்ளியது. எனக்குத் தண்டுவடத்துக்கு உள்ளேயே. எடுக்க வேண்டுமானால் தண்டுவடத்தின் முதுகுப்பக்கம் நடுவில் கீறித்தான் உள்ளே போக வேண்டும். கை கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் இழைகள் ஓடுவது அந்தப் பக்கத்தில்தான். நான் சொந்தக் காலில் நடந்து ஆபரேஷனுக்குப் போனவன். கண் விழித்தபோது கால் அசைகிறது, ஆனால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. போர்வையை விலக்கிக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இதை முன்பே எச்சரித்திருந்தார்கள், எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். இருந்தாலும் படித்துக் கையெழுத்துப் போடுவது வேறு, போர்வைக்குள் காலைத் தேடுவது வேறு.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் வாஷ்பேசினில் முகம் கழுவினேன். சோப்புக்காகக் கண்ணை மூடினேன், அவ்வளவுதான், அடுத்த நொடி தரையில். எனக்குக் கண்தான் கால் என்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்து வைத்து முகம் கழுவினேன். கக்கூஸ் விளக்கை ராத்திரி முழுக்க எரிய விட்டோம்.

தொழில்தான் பெரிய கவலை. பாக்கெட்டுக்குள் கையை விட்டால் ஐந்து ரூபாயா, கோட்டு பட்டனா என்று தெரியாது. பிசியோவில் சொன்னதை என் மனைவி தன் வழியில் மாற்றிவிட்டாள். ஒரு டப்பா அரிசிக்குள் பட்டன், பாபின், சில்லறை, கொக்கி எல்லாவற்றையும் போட்டு மூடி, பார்க்காமல் எடு என்பாள். தினம் மூன்று வேளை. முதல் மாதம் அரிசியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது மாதம் பாபின். ஐந்தாவது மாதம் சில்லறை. சின்னச் சட்டை பட்டனில் இரண்டு துளையா, நாலு துளையா என்று விரல் சொல்ல ஒரு வருடம் பிடித்தது. முதல் மூன்று மாதம் வேகமாக ஏறும், அப்புறம் மெல்ல, வருடம் தாண்டினால் எறும்பு நடை. ஆனால் நின்றுவிடவில்லை. இன்றைக்கும் இருட்டில் மாடி ஏற மாட்டேன், கத்தரி பிடிக்கிறேன்.

தாமதம் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் நீங்கள் மட்டுமா? சர்க்கரை என்று சொன்னவர், முட்டி என்று ஊசி போட்டவர், எல்லோரும் இருக்கிறார்கள். எனக்குக் கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றச் சொன்னார்கள், எட்டு மாதத்தில் நான்கு தலையணை வாங்கினேன்.


நடைவண்டி எழுதியது:

நான் மும்பையில் நரம்பியல் பிசியோ, பதினாறு வருடமாக. கத்தரிக்கோல் அண்ணன் சொன்ன அரிசி டப்பாவை இனிமேல் என் நோயாளிகளுக்கும் சொல்லப் போகிறேன்.

செம்பூர்க்காரி, உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மெனிஞ்சியோமா பெரும்பாலும் நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்கு, பெரும்பாலும் இதே நெஞ்சு மட்டத்தில்தான் வரும். மெதுவாக வளரும், அதனால்தான் இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது. எப்படித் தேறுவார் என்பதில் முதல் இடம், ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு. மெக்கார்மிக் என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் 1990-ல் ஓர் அளவுகோல் கொடுத்தார். தண்டுவடத்துக்குள் வரும் கட்டிகளுக்காக வந்தது, இப்போது மற்றவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். நன்றாக நடந்தால் 1, குறை இருந்தும் தானாக நடந்தால் 2, பிடிமானம் வேண்டுமென்றால் 3, சக்கர நாற்காலி என்றால் 4. அம்மா சுவரைப் பிடித்து நடந்தவர், அதாவது 3. 3-ல் உள்ளே போனவர்கள் நாலாம் நாள் டீக்கடைக்குப் போவதில்லை. ஆனால் வெளியிலிருந்து நசுக்கிய கட்டியை முழுதாக எடுத்துவிட்டால், 4-ல் உள்ளே போனவர்களிலேயே பலர் மாதக்கணக்கில் எழுந்து நடப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 23 நாள் என்பது ஒன்றுமே இல்லை. 58 ஒரு வயதே இல்லை.

விறைப்பும் உதைப்பும் இருப்பதால் மட்டும் நரம்பை வெட்டிவிட்டார்கள் என்று ஆகாது. மூளையின் கட்டுப்பாடு சரியாகக் கீழே இறங்காதபோது கால் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். ஆபரேஷனுக்கு முன்பே அது இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்கு விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஒருநாள் விறைப்பு சட்டென்று கூடினால் காலைப் பார்க்காதீர்கள், வேறு இடத்தில் தேடுங்கள்: மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், புட்டத்தில் புண், நகம் சதைக்குள் வளர்வது. கால்தான் அவருக்கு இப்போது அலாரம்.

இப்போது முக்கியமான கேள்வி. கட்டி இடப்பக்கத்திலிருந்து நெருக்கியது என்கிறீர்கள். அப்படியானால் இடது காலில் பலம் குறையும், சூடும் வலியும் தெரியாமல் போவது வலது காலில். அந்த இழைகள் தண்டுவடத்தில் ஏறும் முன்பே எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடும். வீட்டில் எல்லோரும் இடது காலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நன்றாக ஆடுகிற வலது கால்தான் சுட்டுக்கொள்ளும். ஒரு ஸ்பூனை ஐஸ் தண்ணீரிலும் இன்னொன்றை வெதுவெதுப்பான நீரிலும் வைத்து, கண்ணை மூடச் சொல்லி இரண்டு காலிலும் தொட்டுப் பாருங்கள்.


செம்பூர்க்காரி எழுதியது:

அக்கா, படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எனக்குக் கை நடுங்குகிறது. வலது ஆடுசதையில் எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம். பெரியம்மா மூன்று நாளாக ராத்திரி வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போகிறார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, தெரியவே இல்லையாம். ஸ்பூன் வைத்தேன். வலது காலில் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவுக்கும் போன் செய்தேன். எல்3-ஆம், இடுப்பு எலும்பு.


நடைவண்டி எழுதியது:

கொப்புளத்தை உடைக்காதீர்கள், சர்க்கரை வேறு இருப்பதால் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெந்நீர்ப் பை வீட்டிலேயே இருக்கக் கூடாது. டெக்ஸாமெதசோன் இன்னும் ஓடுகிறதா என்று சீட்டைப் பாருங்கள். வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டு அது, சர்க்கரையை நன்றாக ஏற்றிவிடும். சர்க்கரை ஏறினால் முதுகுத் தையல் ஆற நாளாகும். நீங்கள் கேட்ட சர்க்கரையின் பங்கு இதுதான், நடையைவிடப் புண்ணில்தான் அது அதிகம் விளையாடும்.

மூத்திர விஷயத்தை யாரும் பேச மாட்டார்கள், ஆனால் உயிரை வாங்குவது அதுதான். டியூப் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்க வேண்டாம். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமாகக் கை கழுவி, மெல்லிய டியூபைப் போட்டு வடித்துவிட்டு எடுத்துவிடும் முறை இருக்கிறது. ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் தேங்க விடக் கூடாது. அம்மாவே கண்ணாடி வைத்துக் கற்றுக்கொள்ளலாம். தானாகப் போக ஆரம்பித்தால், போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்து அதைக் குறைப்பார்கள்.

இன்னொன்று. கட்டி டி5-ல் இருந்ததால் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று தலை வெடிப்பது போல வலி, முகம் சிவந்து வியர்வை என்றால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள். அடங்கவில்லை என்றால் நேரே கேஷுவாலிட்டி. தையலிலிருந்து தெளிந்த நீர் கசிந்தாலோ, எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் போனாலோ, ஒரு ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், அடுத்த ஓ.பி.டி. வரை காத்திருக்கக் கூடாது.


நெல்லைச்சீமை எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் வர்ம வைத்தியர் ஒருவர் இருக்கிறார். முதுகில் எண்ணெய் போட்டு நீவி நீவியே எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறார். ஒரு மண்டலம் அங்கே கொண்டுபோய் வைத்தால் போதும். இங்கிலீஷ் மருந்தை நம்பி நாளை வீணாக்க வேண்டாம்.


கத்தரிக்கோல் எழுதியது:

அண்ணாச்சி, நானும் உங்கள் ஊர்தான், எனக்கும் எண்ணெய் பிடிக்கும். ஆனால் இது சுளுக்கு இல்லை. பின்னெலும்பை எடுத்துவிட்டுத் தைத்த முதுகு. அதில் கட்டை விரலை வைத்து அழுத்துவதை நினைத்தாலே எனக்குக் கழுத்து கூசுகிறது. ரத்தம் உறைந்திருக்கும் காலைப் பிசைந்தால் அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று எங்கள் வார்டில் தினமும் கத்துவார்கள். அதோடு, திருநெல்வேலி வரை ரயிலில் ஒன்றரை நாள் எப்படி உட்காருவார்?

தங்கச்சி, மூன்றாவது மாடி என்றீர்களே, நானும் இரண்டாவது மாடிதான். டிஸ்சார்ஜ் அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வீட்டில் படி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. டியூப் எப்படிப் போடுவது என்று ஒரு மௌஷிதான், வார்டில் பெருக்கிக்கொண்டே, என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மாள் மட்டும் இல்லை என்றால் என் கிட்னி போயிருக்கும். மூன்று மாதம் தரைத்தளத்தில் ஒரு அறை கிடைத்தால் வாடகையைப் பார்க்காமல் எடுங்கள். மாடியில் இருந்தால் பிசியோவுக்கு வெளியே போவது வாரம் ஒன்று ஆகும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். என்னைவிட நன்றாக ஆபரேஷன் ஆன ஒருவர் இந்தப் படியாலேயே படுத்துவிட்டார்.

ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது, 1955-லிருந்து நடக்கிறது. எனக்குக் காலிபர் என்ற கால் தாங்கி, கைத்தடி, நடைப் பயிற்சி எல்லாம் அங்கேதான். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். லோக்கல் ரயிலில் ஊனமுற்றோர் டப்பாவில் ஏறிக்கொள்ளலாம், கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏற எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு டாக்ஸிக்கு அழுதேன்.


நடைவண்டி எழுதியது:

படுக்க வைத்து ஓய்வு கொடுப்பது நல்லது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டாக்டர் அனுமதித்த அளவுக்குத் தினமும் உட்கார வேண்டும், நிற்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்கள். ஆனால் மாவு பக்கெட்டைத் தூக்க அம்மா ஆசைப்படுவார், அதற்கு மட்டும் சர்ஜன் சொல்லும் வரை தடா.


செம்பூர்க்காரி எழுதியது, ஏழு வாரம் கழித்து:

நேரமே கிடைக்கவில்லை, மன்னிக்கவும். எதிர்க் கட்டடத்தில் தரைத்தள அறை ஒன்று கிடைத்தது. கொப்புளம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். வெந்நீர்ப் பையை அவரே குப்பையில் போட்டார்.

டியூப் இப்போது நாளைக்கு இரண்டு தடவைதான், மற்றபடி தானாகவே போகிறது. வாக்கரோடு அறைக்குள் பதினைந்து அடி நடக்கிறார். இடது கால் தரையைத் தேய்க்கிறது, மழைக்காலத்தில் டைல்ஸ் வேறு. நெஞ்சைச் சுற்றிய துண்டு இன்னும் அவிழவில்லை, கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்கிறார். கிரைண்டரைக் கீழே கொண்டுவரச் சொல்லிச் சண்டை. கொண்டுவந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிடுகிறார், பக்கெட்டை நான் தூக்குகிறேன்.

நேற்று வாசலில் நடக்கும்போது செருப்பு கழன்றது. நான் பார்க்கவில்லை. அம்மா நின்று "ஏய், செருப்பு" என்றார்.


நடைவண்டி எழுதியது:

எந்தக் கால் செருப்பு?


செம்பூர்க்காரி எழுதியது:

இடதுதான் அக்கா. கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை.